பட்டியலில் இரண்டாவது இடம்

ஸ்கார்விக்கில் ஒருவர் தன்னிடம் பணம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், அதன்பிறகு அவரோடு உட்கார்ந்து யாரும் காபி குடிக்க மாட்டார்கள். அதற்காக, யாருக்கு எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் ஊர் தவித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் அக்டோபரிலும் வரி அலுவலகம் ஊரில் உள்ள அத்தனை பேரின் வருமானத்தையும் பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி மேசைமேல் வைத்துவிடும். கால்பந்துக் கழகம் அதையே பெரிய வருமானத்தில் தொடங்கி வரிசை எண் போட்டுப் புத்தகமாக அச்சடித்து, முப்பது குரோனருக்கு விற்கும். தற்பெருமை என்னும் அசிங்கமான வேலையை அரசாங்கமே எடுத்துச் செய்ததால் ஜனங்களால் அடக்கமாக இருக்க முடிந்தது.

எய்லர்ட் நூற்று நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருந்தார். துறைமுகத்துக்கு எதிரே ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தார். பதினோரு வருடமாக வணிகர் சங்கத் தலைவர். படகில் மீன் பிடிக்கப் போகும்போதுகூட டை கட்டுகிறவர். நூற்று நாற்பத்தொன்றாவது இடத்தில் தபால்காரர் இருந்தார்.

இதை முதலில் சபையில் எடுத்துச் சொன்னவர் மாக்னே. சால்மன் மீன் வளர்க்கிற மாக்னேதான் வருடாவருடம் பட்டியலில் முதலாவது. முழங்கை கிழிந்த ஸ்வெட்டரில் வருவார். முதல் இடத்தில் இருப்பவரின் முழங்கையில் கிழிசல் ஓர் ஆபரணம். நூற்று நாற்பத்து மூன்றாவது இடத்தில் அது வெறும் கிழிசல். இது எய்லர்டுக்குத் தெரியும். அதனால்தான் டை.

“தலைவரே, ஒரு யோசனை,” என்றார் மாக்னே, சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில். “தபால்காரரையும் நம்ம சங்கத்துல சேத்துக்கலாமா? நம்மளவிட அவருக்குத்தான் வியாபாரம் நல்லாப் போகுது போல.”

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் காபிக் கோப்பையைப் பார்த்துக் குனிந்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எய்லர்டுக்குத் தோன்றியது.

ஜனவரியில் வருமானக் கணக்குப் படிவம் வந்தது. எய்லர்ட் கடையைப் பூட்டிவிட்டு, படிவத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறவனுக்கு என்னென்ன தண்டனை என்று ஒன்பது பக்கம் இருந்தது. கூட்டிக் காட்டுகிறவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒருவன் பிறப்பான் என்று சட்டம் எழுதியவர்கள் நினைக்கவில்லை.

கடையில் வந்தது ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். அதைச் சுத்தமாக எழுதினார். அதற்குக் கீழே, ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று போட்டு, ஐந்து லட்சம் என்று அதைவிடச் சுத்தமாக எழுதினார். அதற்கும் வரி வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பட்டியல் அக்டோபரில் வரும். வரி அதற்குப் பிறகுதானே வரும்.

அக்டோபரில் அவர் இரண்டாவது இடத்தில் இருந்தார்.

ஊர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கார்விக்கில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ரொட்டிக் கடைக்காரர் பையில் ஒரு பன் கூடுதலாகப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். சங்கத் தேர்தலில் எதிர்த்து நிற்பதாக இருந்த மருந்துக் கடைக்காரருக்குத் திடீரென்று முதுகு வலி வந்தது. உயிர்காப்புப் படகுச் சங்கம், தேவாலயப் பாடகர் குழு, பனிச்சறுக்குக் கழகம் என்று பதினொரு இடத்திலிருந்து நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தது. அவற்றை எய்லர்ட் கடையின் கல்லாப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, கவனக்குறைவாக வைத்தார்.

பேசிய ஒரே ஆள் அவர் மனைவி போர்கில்ட். சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து, இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இது யாரு?”

“நான்தான்.”

“ஆறு லட்சத்துப் பதினாலாயிரம்.”

“அதுல வரி போயிடும்ல.”

“போகட்டும். மிச்சம் எங்க? போன மாசம் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு எங்க அக்காகிட்ட கைமாத்து வாங்கினேன். அப்போ நீ பக்கத்துலதான் நின்ன.”

எய்லர்ட் வாஷிங் மெஷினைப் பார்த்தார்.

“பெர்கன்ல யாரு?” என்றார் போர்கில்ட்.

“பெர்கன்ல என்ன?”

“நாற்காலிக் கண்காட்சின்னு வருஷத்துக்கு ரெண்டு நாள் போறியே, அந்த நாற்காலிக்குப் பேரு என்ன?”

பெர்கனில் யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால், பணம் எங்கே என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து வரும். எய்லர்ட் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் தன்மேல் இப்படி ஒரு சந்தேகம் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அது அவ்வளவு மோசமாகவும் இல்லை.

அன்றிலிருந்து அவருக்குக் கடையின் மாதிரி சோபாவில் படுக்கை. ஆனால் போர்கில்ட் அதற்குமேல் போகவில்லை. வியாழக்கிழமை பெண்கள் கூடிப் பின்னல் போடும் இடத்தில் அவருக்கு ஜன்னலோர நாற்காலி கிடைக்கத் தொடங்கியிருந்தது. எந்தத் திரைச்சீலை வாங்கலாம் என்று பல் டாக்டரின் மனைவி அவரிடம் அபிப்பிராயம் கேட்டார். துரோகத்தை விசாரிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று போர்கில்ட் முடிவு செய்தார்.

வரி பாக்கி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று முதல் கடிதம் வந்தது. எய்லர்ட் அதை நாற்காலிக் கம்பெனிகளின் விளம்பரங்களோடு சேர்த்து அடுக்கினார். இரண்டாவது கடிதத்தில் சில வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. மூன்றாவதின் அடியில் மட்டும் பேனாவால் எழுதியிருந்தது: ‘செவ்வாய் பதினொரு மணிக்கு வருகிறேன். வீடு, கடை, படகு மூன்றின் பத்திரமும் எடுத்து வை. குன்வோர்.’

குன்வோர் நகராட்சியின் வரி வசூல் அதிகாரி. ஆரம்பப் பள்ளியில் எய்லர்டோடு ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். வரும்போது பெரிய தோல் பை ஒன்றோடு வந்தார். ஸ்கார்விக்கில் வீட்டை ஜப்தி செய்ய வருகிறவரானாலும் முதலில் காபி கொடுக்க வேண்டும். போர்கில்ட் வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸும் ஜாமும் வைத்தார். குன்வோர் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டார்.

“எய்லர்ட், உன்னை ஒண்ணு கேக்கணும்,” என்றார். “போன வருஷம் உன் கடையில எத்தனை சோபா போச்சு?”

“அது வந்து, சந்தை நிலவரத்தைப் பொறுத்து…”

“நாலு. அதுல ஒண்ணு நான் வாங்கினது. ஸ்பிரிங் இப்பவே குத்துது, அது தனிக் கதை. இந்த அஞ்சு லட்சம் ஆலோசனை யாருக்குச் சொன்ன?”

“சிலருக்கு.”

“என்ன ஆலோசனை?”

எய்லர்ட் டையைச் சரிசெய்தார். “பொதுவா.”

குன்வோர் இன்னொரு வாஃபிளில் ஜாம் தடவினார். அவருக்கு அவசரமே இல்லை. முப்பது வருடமாகக் கடன்காரர்கள் வீட்டில் வாஃபிள் சாப்பிட்டுப் பழகியவர்.

“எங்கப்பா காலத்துலேருந்து இந்த ஊர்ல வரி வசூல் பாக்கிறோம்,” என்றார். “பணத்தை வெச்சுக்கிட்டு இல்லன்னவனப் பாத்திருக்கேன். கோழிக் கூண்டுக்குள்ள, ஆர்கன் பெட்டிக்குள்ள, ஒருத்தன் அவன் மாமியாருக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தான். இல்லாத பணத்தை இருக்குன்னு எழுதிட்டு, அதுக்கு வீட்டைக் கொடுக்கிறவன்ல நீதான் முதல் ஆள்.”

போர்கில்ட் காபிக் கெண்டியைக் கீழே வைத்தார்.

“அப்போ பெர்கன்ல யாரும் இல்லையா?”

“இல்ல,” என்றார் எய்லர்ட்.

“பணமும் இல்லையா?”

“இல்ல.”

போர்கில்ட் சற்று நேரம் யோசித்தார். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று பார்க்கிற முகமாக அது இருந்தது.

குன்வோர் பையிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்தார். “திருத்தப் படிவம். ரெண்டு வரி எழுதினா போதும். ஆலோசனைக் கட்டணம் தப்பா எழுதிட்டேன், என் வருமானம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்னு கையெழுத்துப் போடு. பாக்கி மொத்தமும் போயிடும். வீட்டையும் கடையையும் தொட மாட்டேன். காபி குடிச்சிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

“அது ரகசியமாத்தானே இருக்கும்?”

“மே மாசம் பேப்பர்ல திருத்தங்கள்னு போடுவாங்க. படகு நேர அட்டவணைக்குக் கீழ.”

“எல்லாரும் படகு நேரம் பாப்பாங்களே!”

“அதுக்குத்தானே அங்க போடறாங்க.”

எய்லர்ட் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஒரு பக்கம் வீடு. இன்னொரு பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. நியாயமாகப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எய்லர்ட் யோசித்தார்.

“கொஞ்சம் மட்டும் திருத்தலாமா?” என்றார்.

“என்னது?”

“மொத்தத்தையும் எடுக்காம, ஒரு மூணு லட்சம் அளவுல விட்டு வெச்சா?”

குன்வோர் வாயில் வாஃபிளோடு அவரையே பார்த்தார். பிறகு விழுங்கினார். “ஜனங்க வரியைக் குறைக்கத்தான் என்கிட்ட பேரம் பேசுவாங்க.”

“எவ்வளவு வரைக்கும் கட்டுப்படியாகும்னு பாக்கலாம்னு…”

“எவ்வளவு பொய் உனக்குக் கட்டுப்படியாகும்னு கேக்கறியா?” குன்வோர் கால்குலேட்டரை எடுத்தார். “நான் வசூல் மட்டும்தான். நீ எழுதினது நெசமா பொய்யான்னு பாக்கிறவங்க மேல் மாடி. மாடிப்படி ஏறினா எனக்கு முட்டி வலிக்கும். சரி, கையில என்ன இருக்கு?”

இருந்தது படகுதான். இருபத்தாறு அடி, மர உடம்பு, எய்லர்ட் சொந்தக் கையால் வருடத்துக்கு இரண்டு தடவை வார்னிஷ் அடிப்பது. தொண்ணூறாயிரம் போகும் என்றார்.

“தொண்ணூறாயிரம் வரி கட்டினா,” குன்வோர் தட்டினார், “கூடுதலா ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பொய்க்குத் தாங்கும். மொத்தம் மூணு லட்சத்து நாலாயிரம்.”

போர்கில்ட் ஏற்கெனவே கால்பந்துக் கழகத்தின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். “முப்பத்தொண்ணு. மாட்டு டாக்டருக்குக் கீழ, பாதிரியாருக்கு மேல.”

“பல் டாக்டரு?” என்றார் எய்லர்ட்.

“இருபத்தொம்பது.” போர்கில்ட் உதட்டைக் கடித்தார். “இன்னும் ஒரு எட்டாயிரம் இருந்தா தாண்டிடலாம்.”

“வாஷிங் மெஷின்?” என்றார் குன்வோர்.

“அது எங்க அக்கா காசுல ஓடுது. வேண்டாம். பாதிரியாருக்கு மேலேன்னா மோசமில்ல.”

“ஆனா ரெண்டுலேருந்து முப்பத்தொண்ணுக்கு விழுந்தா ஊர்ல என்ன நினைப்பாங்க?” என்றார் எய்லர்ட்.

“கப்பல் பங்குல பணத்தை விட்டுட்டான்னு நினைப்பாங்க,” என்றார் போர்கில்ட். “நினைக்கட்டுமே. நஷ்டப்படணும்னா முதல்ல பணம் இருந்திருக்கணும்ல.”

இருபத்தேழு வருடத் திருமணத்தில் தன் மனைவியை எய்லர்ட் அவ்வளவு அன்போடு பார்த்ததில்லை. அன்றிரவு அவருக்கு மாதிரி சோபாவிலிருந்து விடுதலை கிடைத்தது. படிவத்தில் தொகையைப் பென்சிலால் குறித்து, படகு விற்ற பணம் வந்ததும் மையால் எழுதிக்கொள்ளலாம் என்று குன்வோர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

படகு ஏலம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை, துறைமுகத்தில். பொதுவாக ஏலத்துக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். இரண்டாவது இடத்தில் இருப்பவரின் படகு என்றதும் பாதி ஊர் வந்துவிட்டது. எல்லோருக்கும் அந்தப் பக்கமாகத் தற்செயலாக ஏதோ வேலை இருந்தது. எய்லர்ட் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, இதைவிடப் பெரிய படகு வாங்கப் போகிறவரின் முகத்தோடு நின்றார்.

குன்வோர் மீன் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றார். “யார் கேக்கறீங்க?”

“இருபதாயிரம்,” என்றார் ஒருவர்.

“முப்பது,” என்றார் மாக்னே, பாக்கெட்டிலிருந்து கையைக்கூட வெளியே எடுக்காமல். அவருக்கு மீன் தீனி ஏற்ற ஒரு படகு தேவைப்பட்டது.

பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. குன்வோர் முப்பது ஒரு தரம் என்றார். சுற்றி நின்றவர்கள் படகைப் பார்க்காமல் எய்லர்டைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடேறியது. அவருடைய படகு முப்பதாயிரமா? அதுவும் தீனி ஏற்ற? பெரிய மனிதர் ஒருவரின் படகு இவ்வளவு மலிவாகப் போனால் ஊர் அந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கும்?

“முப்பது ரெண்டு தரம்…”

“நாப்பது!” என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்பது எய்லர்டுக்குச் சற்றுத் தாமதமாகத் தெரிந்தது.

குன்வோர் பெட்டிமேலிருந்து குனிந்தார். “எய்லர்ட், இது உன் படகு.”

“தெரியும். சட்டத்துல தடை இருக்கா?”

“இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நாப்பத்தஞ்சு,” என்றார் மாக்னே.

“அறுபது.”

“அறுபத்தஞ்சு. எய்லர்ட், உனக்கு உடம்பு சரியில்லையா?”

“எண்பது.”

மாக்னே முதல் தடவையாகக் கையை வெளியே எடுத்து, கிழிந்த முழங்கையைச் சொறிந்தார். “எண்பத்தஞ்சு.”

“தொண்ணூத்தாறு!”

போர்கில்ட் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார். ஆனால் துறைமுகம் முழுக்க வியப்பில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எய்லர்ட் வாழ்நாளில் கேட்ட மிக இனிமையான சத்தம் அது. மாக்னே தோளைக் குலுக்கிவிட்டுத் தன் துருப்பிடித்த வோல்வோவைப் பார்த்து நடந்தார். தொண்ணூற்றாறாயிரத்துக்கு எய்லர்ட் தன் படகைத் தானே வாங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் குன்வோர் பெட்டியிலிருந்து இறங்கினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள தொண்ணூத்தாறாயிரம் கட்டணும்.”

“என்கிட்ட ஏது?”

“அதான் எனக்கும் தோணுச்சு. கட்டலன்னா அடுத்தது வீடு.”

எய்லர்ட் கயிறு கட்டும் இரும்புத் தூண்மேல் உட்கார்ந்தார். நல்ல கோட்டில் துரு ஒட்டியது. குன்வோர் பையைத் திறந்து திருத்தப் படிவத்தை எடுத்து, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். நிதானமாக, தூளை ஊதி ஊதி. பிறகு பேனாவோடு நீட்டினார்.

“நெசத்தை எழுது. கடனே இல்லன்னா ஏலமே இல்ல. ஏலமே இல்லன்னா நீ எதையும் வாங்கவும் இல்ல. படகை எடுத்துட்டு வீட்டுக்குப் போ.”

எய்லர்ட் போர்கில்டைப் பார்த்தார். போர்கில்ட் மலைமேல் தெரிந்த தங்கள் வீட்டைப் பார்த்தார். அதன்பின் பல் டாக்டர் வீட்டைப் பார்த்தார்.

“எழுது,” என்றார், யாரோ செத்ததைச் சொல்கிற குரலில்.

ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் என்று எய்லர்ட் எழுதினார். இந்தத் தடவை அது அவ்வளவு சுத்தமாக வரவில்லை. மேல் மாடிக்காரர்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று அவர்களும் மாதக்கணக்கில் தேடிக் களைத்திருந்தார்கள்.

மே மாதம் பேப்பரில், படகு நேரத்துக்குக் கீழே, அது வந்தது. எய்லர்ட் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. சங்கத் தலைவர் பதவியை விடுவதாக ஒரு கடிதம் எழுதி, கிழித்து, மறுபடி எழுதினார். நான்காவது நாள் ரொட்டி தீர்ந்துபோனதால் வெளியே வர வேண்டியதாயிற்று. ரொட்டிக் கடையில் பேச்சு நின்றது. கடைக்காரர் ரொட்டியைச் சுற்றினார். பிறகு, இரண்டு பன் கூடுதலாகப் போட்டு, கண்ணடித்தார்.

எய்லர்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று மதியம் மருந்துக் கடைக்காரர் கடைக்கு வந்து, சோபா பார்ப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, ஸ்விட்சர்லாந்தில் வட்டி எப்படி என்று மெதுவாகக் கேட்டார்.

ஜூனில் குன்வோர் மறுபடி வந்தார். போர்கில்ட் வாஃபிள் சுட்டார். குன்வோர் இந்தத் தடவை ஒரு தரம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பையிலிருந்து கடிதக் கட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார்.

“ஒம்பது மொட்டைக் கடுதாசி. எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான். ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருமானத்துல ஒருத்தன் எப்படித் தொண்ணூத்தாறாயிரத்துக்குப் படகு எடுப்பான்? நீ கோடிக்கணக்குல ஒளிச்சு வெச்சிருக்கியாம். முதல்ல வாய் தவறி ஆறு லட்சம்னு எழுதிட்டு, அப்புறம் சுதாரிச்சுக்கிட்டியாம்.”

எய்லர்ட் கடிதக் கட்டையே பார்த்தார்.

“உன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்,” என்றார் குன்வோர். “ஆனா புகார் வந்தா விசாரிக்கணும். இங்க கையெழுத்துப் போடு: வேற வருமானம், சொத்து, பணம் எதுவும் கிடையாதுன்னு. அதைப் பேப்பர்ல போட்டா வதந்தி நின்னுடும்.”

எய்லர்ட் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

“கையெழுத்துப் போடலன்னா?”

“போடலன்னா ஒண்ணும் இல்ல. விசாரணை நடந்துக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா. கடுதாசியும் வந்துக்கிட்டே இருக்கும்.”

“ஒம்பதுன்னு சொன்னல்ல?”

“ஒம்பது.”

“மாக்னே எழுதினது இருக்கா?”

“மொட்டைக் கடுதாசில பேரு இருக்காது எய்லர்ட். ஆனா ஒண்ணுல மீன் வாடை அடிக்குது.”

எய்லர்ட் பேனாவை மேசையில் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “போர்கில்ட், அடுப்பை அணைச்சுட்டு நீயும் வா, உக்காரு,” என்றார். பிறகு குன்வோருக்குக் காபி ஊற்றினார்.

“அந்த மீன் வாடைக் கடுதாசியிலேருந்து ஆரம்பி,” என்றார். “நிதானமாப் படி.”